கைக்கு வந்த மீன்

வாடை அடித்தால் சொல்லிடுங்க அக்கா, தள்ளி உட்கார்ந்துகொள்கிறேன். மூன்று உறை போட்டுச் சுற்றியிருக்கிறேன். இருந்தாலும் மீன் மீன்தானே. பொரித்த துண்டுதான். உள்ளே விடுவார்களா என்று தெரியவில்லை. விடாவிட்டால் இங்கேயே நாம் இரண்டு பேரும் சாப்பிட்டுவிடலாம்.

நீங்க தமிழ்தான்னு எனக்கு அப்பவே தெரியும். அந்தத் தூண் பக்கம் நின்று போனில் "ஏய், மோட்டார் போட்டியா இல்லையா"ன்னு சத்தம் போட்டீங்களே. இந்த ஊரில், இந்தக் குளிரில், மோட்டார் போட்டியான்னு ஒரு குரல்! ஓடி வந்து உங்க மடியில் உட்கார்ந்துகொள்ளலாம் போல இருந்தது.

நான் காளீஸ்வரி. சிவகங்கைப் பக்கம். கப்பலை விட்டுவிட்டேன். ஆமாம் அக்கா, பஸ்ஸை விடுகிற மாதிரி கப்பலை விட்டுவிட்டேன். சிரிங்க, பரவாயில்லை, நானே சிரித்தேன்.

தப்பு என் மேல் இல்லை. மீன் மேல். பிளேனுக்குப் போகிற அந்தச் சோதனை வாசலை இன்னும் திறக்கவில்லை, சொல்கிறேன் கேளுங்க.

முதலில் மதினியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அவங்களைத் தப்பாக நினைத்துவிடுவீங்க. உமையாள் மதினி என் வீட்டுக்காரருக்கு அக்கா. கனடாவில் பெரிய வேலை. எங்க வீட்டு மாடியை அவங்கதான் கட்டிக் கொடுத்தாங்க. படி மட்டும் இன்னும் வைக்கவில்லை. மாடி இருக்கிறது, ஏறத்தான் முடியாது. மதினிக்கு ரொம்ப வருஷம் கழித்து இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன, பையன் ரேயான், பொண்ணு ரியா. வெளியாளை நம்ப முடியாது, நீ வா காளின்னு கூப்பிட்டாங்க. பொங்கல் முடிந்து வந்தேன். ஆடியில் ஊருக்குத் திரும்புவதாகப் பேச்சு. போக, வர, இரண்டுக்கும் டிக்கெட் போட்டாச்சு.

எனக்கு ஒரு பையன், மகிழன். அவனை அவன் அப்பாவிடம் விட்டுவிட்டு வந்தேன். என் வீட்டுக்காரர் பெயர் சேவுகன், நெல் அறுக்கிற மிஷின் ஓட்டுகிறார். பிள்ளையை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார். தலைக்கு எண்ணெய் வைக்கத் தெரியாது, அவ்வளவுதான், நெற்றி வரைக்கும் வழிந்துகொண்டிருக்கும். போன மாதம் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார். நான் போனில் பார்த்தேன். இப்போதெல்லாம் போனில் என் முகம் தெரிந்தால் பையன் எழுந்து நின்று கை கூப்பி வணக்கம் சொல்கிறான் அக்கா. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் சொல்கிற மாதிரி. மரியாதை தெரிந்த பிள்ளை.

மதினி வீட்டில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. சாப்பாடு, துணி, ஹீட்டர், எல்லாம் உண்டு. வந்து இறங்கின அன்றைக்கே என் பாஸ்போர்ட்டை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டாங்க. "நீ எங்கயாவது வச்சுட்டுத் தேடுவ"ன்னு. நான் இதுவரைக்கும் ஒரு சேஃப்டி பின்கூடத் தொலைத்ததில்லை, ஆனாலும் புது ஊர் இல்லையா. வாசலுக்கு நம்பர் பூட்டு. வெளியே போக நம்பர் வேண்டாம், திரும்ப உள்ளே வரத்தான் வேண்டும். அந்த நம்பரை எனக்குச் சொல்லவில்லை, மறந்துவிடுவேனாம். அதனால் நான் வெளியே போகவில்லை. போய்த்தான் என்ன செய்வது, ஒரே குளிர்.

ஆடி நெருங்கும்போது மதினி ஒருநாள், "அலாஸ்காவுக்குக் கப்பல்ல போறோம். உனக்கும் சேர்த்துத்தான். எந்த வீட்டுல இப்படிக் கூட்டிட்டுப் போவாங்க, சொல்லு"ன்னாங்க. எந்த வீட்டிலும் கூட்டிக்கொண்டு போகமாட்டார்கள். உண்மைதானே.

கப்பல் எப்படி இருந்தது என்கிறீங்க? எங்க ஊர்ச் சந்தையையும் பள்ளிக்கூடத்தையும் சினிமாக் கொட்டகையையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கித் தண்ணீரில் விட்ட மாதிரி. மதினிக்கும் அண்ணனுக்கும் பால்கனி வைத்த அறை. அண்ணன் என்றால் மதினியின் வீட்டுக்காரர், சுப்பையா அண்ணன். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். எனக்கும் பிள்ளைகளுக்கும் எதிர்த்த அறை. அதற்கு ஜன்னல் கிடையாது. ஆனால் டிவியில் கடல் வரும் அக்கா. கப்பல் மூக்கில் ஒரு கேமரா வைத்திருக்கிறார்கள், முன்னால் இருக்கிற கடலை நாள் முழுக்கக் காட்டும். ரியா அழுதால் அதைப் போட்டுவிடுவேன். "இங்க பாரு தங்கம், கடலு"ன்னு. நடுக்கடலில் உட்கார்ந்துகொண்டு டிவியில் கடல் பார்த்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். போனையும் மதினி வாங்கி அணைத்துவிட்டாங்க. கடலில் பேசினால் பில் எகிறிவிடுமாம்.

இந்தக் கப்பல் வழியில் ஊர் ஊராக நிற்கும். காலையில் நின்றால் சாயங்காலம் கிளம்பும். நிற்கிற ஊரில் இறங்கி மீன் பிடிக்கலாம். அண்ணனுக்கு அதில் பைத்தியம், அதற்காகவே தூண்டிலும் தொப்பியும் வாங்கி வைத்திருந்தார். அவர் தூண்டிலைத் துடைப்பதைப் பார்த்து நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் எங்க ஊர்க் கண்மாய் கதையைச் சொன்னேன்.

நீங்க எந்தப் பக்கம்? மன்னார்குடியா? அப்ப உங்களுக்குத் தண்ணீர் பெரிய விஷயமில்லை. எங்க பக்கம் வைகாசியில் கண்மாய் வற்றி முழங்காலுக்கு வரும். அப்போது மீன்பிடித் திருவிழா. கரையில் ஊரே நிற்கும். ஊர்ப் பெரியவர் அம்பலக்காரர் வெள்ளைத் துண்டை எடுத்து வீசுவார் பாருங்க, அவ்வளவுதான், ஆம்பளை பொம்பளை எல்லாம் ஒரே ஓட்டமாக உள்ளே இறங்கிவிடுவோம். கையில் ஊத்தா இருக்கும். அடி இல்லாத மூங்கில் கூடை, மேலே கை நுழைகிற அளவுக்கு ஒரு வாய். அதைச் சேற்றில் அமுக்கிவிட்டு, மேல்வாயில் கையை விட்டுத் துழாவணும். உள்ளே வெடுக்குன்னு ஒன்று இடிக்கும். அந்த இடிக்காகவே வருஷம் பூராவும் காத்திருக்கலாம் அக்கா. கல்யாணமாகி வந்த வருஷம் நான் கை நீளத்துக்கு ஒரு விரால் பிடித்தேன். சேவுகன் ஊத்தாவில் ஒரு நண்டு. இன்றைக்கும் சொல்லிக் காட்டுவேன்.

அதில் ஒரு முறை உண்டு. பிடித்ததை விற்கக்கூடாது. கைக்கு வந்ததைத் திரும்பத் தண்ணீரில் விடக்கூடாது, சுண்டுவிரல் அளவு இருந்தாலும் சரி. விட்டால் அடுத்த வருஷம் கண்மாய் பெருகாதுன்னு எங்க ஊரில் சொல்வாங்க. பிடித்தவங்களே கழுவி, குழம்பு வைத்து, பக்கத்து வீட்டுக்கும் ஊற்றணும்.

"அப்ப நீயும் ஒருநாள் வாம்மா"ன்னார் அண்ணன்.

"பாக்கலாம், பாக்கலாம்"னாங்க மதினி.

முதல் ஊர் வந்தது. அன்றைக்குப் பார்த்து ரேயானுக்கு உடம்பு சுட்டது. "நீ இருந்துக்க ஈஷ், உன்கிட்டதான் அடங்குவான்"னு சொல்லிவிட்டுப் போனாங்க. ஈஷ் என்றால் நான்தான். நாலு பேர் இருக்கிற இடத்தில் காளின்னு கூப்பிட ஒரு மாதிரி இருக்கிறதாம். சாயங்காலம் அண்ணன் வந்து போனில் படம் காட்டினார். ஒரு மீன், அவர் இடுப்பு உயரம்.

"எங்கண்ணே மீனு?"

"விட்டாச்சும்மா. போட்டோ எடுத்துட்டுத் தண்ணியில விட்டுரணும். அது ஒரு உயிர்தானே."

"உயிருன்னு தெரியுதுல்ல, அப்புறம் எதுக்கு அதை வாயில குத்தி இழுத்தீங்க?"

மதினி சிரித்துவிட்டாங்க. "இதெல்லாம் உனக்குப் புரியாது ஈஷ், போய்ப் பாட்டில் கழுவு."

எனக்குப் புரியத்தான் இல்லை. பாட்டில் கழுவும்போதும் அதே நினைப்பு. கைக்கு வந்ததை எப்படி விட மனசு வரும்?

இரண்டாவது ஊரில் நானும் இறங்கினேன், பிள்ளைகள் வண்டியோடு. அண்ணன் படகில் போய்விட்டார், மதினி கடைக்குள் போய்விட்டாங்க. நான் ஒரு பாலத்தில் நின்றேன். கீழே பார்க்கிறேன், அக்கா, ஆற்றில் தண்ணீரை விட மீன் அதிகம்! கல்லில் மோதுகிறது, விழுகிறது, மறுபடி ஏறுகிறது. துண்டு வீச ஆளில்லாத கண்மாய் மாதிரி இருந்தது. ஒரே ஒரு ஊத்தா இருந்தால் போதும், ஊருக்கே குழம்பு வைக்கலாம். கம்பியில் ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன்னு தெரியாது. வண்டி லேசாக நகர்ந்தது, ரியா கத்தினாள், காலை இறக்கிக்கொண்டேன். அதெல்லாம் பிறந்த இடத்துக்குப் போகிற மீனாம், அப்புறம் அண்ணன் சொன்னார். மீனுக்கு என்ன, பாஸ்போர்ட்டா, விசாவா.

மூன்றாவது ஊர்தான் இந்த ஊர். நேற்றுக் காலையில் டிபன் சாப்பிடும்போது மதினி, "ஈஷ், ஒரு நல்ல சேதி. விசா நீட்டிக்க எழுதிப் போட்டாச்சு. இன்னும் ஆறு மாசம் நீ இருக்கலாம்"னாங்க.

"டிக்கெட் மதினி? அடுத்த வாரம்ல..."

"அதை அண்ணன் தள்ளிப் போட்டுருவார்."

"மகிழன்..."

"அவனுக்கு என்ன? போன வாரம்கூட எவ்வளவு அழகா வணக்கம் சொன்னான். நல்லாத்தானே இருக்கான்?"

நான் சரின்னேன். சரி சொல்லிவிட்டால் பேச்சு அத்தோடு முடியும் இல்லையா, சாப்பாடாவது ஆறாமல் இருக்கும். பிள்ளைகளுக்கு நான் என்றால் உயிர், மதினி பாவம், வேறு யாரிடம் கேட்பாங்க? ஆனால் கையில் இருந்த இட்லித் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். அது இட்லியும் இல்லை, ஏதோ வெள்ளையாக ஒன்று, நான் இட்லிப் பொடி தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே முட்டையை வெட்டினார். வெட்டினதையே மறுபடி வெட்டினார். அப்புறம், "இன்னிக்கு அவ போய் மீன் புடிக்கட்டும் உமா. பிள்ளைங்களை நான் பாத்துக்கிறேன்"னார்.

"நீங்களா?"

"ஏன், நான் அப்பன்தானே?"

மதினி கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, போயிட்டு வா. கப்பல் நாலு மணிக்குக் கிளம்பிரும், அதுக்கு முன்னாடி உள்ள இருக்கணும்"னாங்க. நல்ல மனசு.

அண்ணன் தூண்டில் கொடுத்தார், மீன் பிடிக்கிற அனுமதிச் சீட்டும் எடுத்துக் கொடுத்தார். மதினியின் பழைய சிவப்புக் குளிர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். பழக்கத்தில் பிள்ளைகள் பையையும் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன் பாருங்க, இதோ, இந்தப் பைதான். நடக்கும்போது கை இரண்டும் சும்மா தொங்கியது. வண்டியைத் தள்ளாமல் நடக்கிறது எப்படின்னே மறந்துபோயிருந்தது.

கப்பலுக்குக் கொஞ்சம் தள்ளிக் கல் பரப்பின கரை. அங்கே ஒருத்தி தூண்டில் போட்டுக்கொண்டிருந்தாள். என் வயசுதான் இருக்கும், ரப்பர் பூட்ஸ், முதுகில் கட்டின கைக்குழந்தை. பெயர் லீனா. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் "பேபி ஸ்லீப்பிங்", "நோ மில்க்". அதை வைத்தே நாங்கள் சிநேகிதமாகிவிட்டோம். எனக்குத் தூண்டில் பழக்கமில்லை. ஊத்தா என்றால் ஓடலாம், அமுக்கலாம். தூண்டில் என்றால் நின்றுகொண்டே இருக்கணும். முதல் வீச்சில் முள் என் ஜாக்கெட்டிலேயே மாட்டியது. "பிக் ஃபிஷ்!"னு லீனா விழுந்து விழுந்து சிரித்தாள்.

ரொம்ப நேரம் ஒன்றும் கடிக்கவில்லை. கப்பல் ஒரு தரம் ஊதியது. கிளம்பலாம்னு தூண்டில் நரம்பைச் சுற்றினேன். சத்தியமாகக் கிளம்பத்தான் போனேன் அக்கா. அப்போது பிடித்தது பாருங்க ஒரு இழுப்பு! கை தோளோடு போய்விட்டது. நான் இழுக்க, அது இழுக்க. லீனா கப்பலைக் காட்டுகிறாள், நரம்பைக் காட்டுகிறாள், "கட்! கட்!" என்கிறாள். கட் என்றால் எனக்குத் தெரியாதா? அறுத்துவிட்டுப் போ என்கிறாள். எப்படி அறுப்பது? கரைப் பக்கம் வந்ததும் சுற்றுகிற சக்கரம் இறுகி நின்றுவிட்டது. தூண்டிலை லீனாவிடம் கொடுத்துவிட்டு நான் தண்ணீரில் இறங்கிவிட்டேன். ஐயோ, அது தண்ணீரா, ஐஸ். ஜாக்கெட்டைக் கழற்றி மீன் மேல் போட்டு நாலு பக்கமும் அமுக்கினேன். கழுத்து வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவினேன். இடித்தது அக்கா! அதே இடி! செவுளில் விரலைக் கொடுத்துத் தூக்கினேன் பாருங்க, நம்ம மகிழன் பிறந்தபோது இருந்த கனம்.

லீனா கைதட்டினாள். அப்புறம் மணிக்கட்டைத் தட்டிக் காட்டி, "ரன்! ரன்!" என்றாள். கப்பல் வாசலில் ஏறுகிற பலகை அப்படியேதான் இருந்தது. அதன் பக்கத்தில் நின்ற ஆள் என்னைப் பார்த்துக் கையைக்கூட ஆட்டினார்.

ஓடியிருக்கலாமேன்னு கேட்கிறீங்க. எப்படி அக்கா ஓடுவது? மீனைக் கழுவணும் இல்லையா? கழுவாத மீனை யாராவது தூக்கிக்கொண்டு போவார்களா? லீனாவிடம் கத்தி வாங்கிக்கொண்டு கல்லில் உட்கார்ந்தேன். செதிலைச் சுரண்டினேன். வாலிலிருந்து தலைப் பக்கமாக, பதறாமல். வயிற்றைக் கீறினேன். உள்ளே செக்கச்செவேல்னு சினை. பித்தப்பையைப் பொறுமையாகத்தான் எடுக்கணும், உடைந்தால் முழு மீனும் கசந்துபோகும். இரண்டாவது தரம் ஊதியது, கேட்டது, இல்லையென்று சொல்லவில்லை. நான் செவுளைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் துண்டு போட்டேன், வால் தனியாக, தலை தனியாக. இந்தப் பையில் இருந்த ஈரத்துணியால் கத்தியைத் துடைத்து லீனாவிடம் கொடுத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன், பலகையைக் காணோம். கப்பல் கரையை விட்டு அகன்றுகொண்டிருந்தது. எங்க அறைக்கு ஜன்னல் இல்லையா, அதனால் எந்த இடம் எங்க அறைன்னு தெரியவில்லை. பொதுவாகக் கையாட்டி வைத்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. பாவி, என்ன காரியம் செய்தேன்! ஈரத் துணி, கையில் மீன், போன் இல்லை, ஒரு வார்த்தை பேச வராது. லீனா அவள் கோட்டைக் கழற்றி என் மேல் போட்டாள். கொஞ்ச நேரத்தில் துறைமுகத்தில் வேலை பார்க்கிற, மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண் வந்து, "காலி... ஈஸ்வாரி?"ன்னு கேட்டுவிட்டு ஒரு உறையைக் கையில் கொடுத்தாள். திறந்தால் என் பாஸ்போர்ட்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மதினி அறையில், இரும்புப் பெட்டிக்குள், மதினி மட்டும் தெரிந்த நம்பர் போட்டுப் பூட்டினது. அந்தப் பெண் போனில் ஏதோ பேசி, அதைத் தமிழில் பேச வைத்தாள். கப்பலில் ஆள் ஏறவில்லை என்றால், கிளம்புவதற்கு முன்னால் பெட்டியைத் திறக்கச் சொல்லி, அந்த ஆளோட பாஸ்போர்ட்டைக் கரையில் இறக்கி வைத்துவிட்டுத்தான் போவார்களாம். அதுதான் கப்பல் வழக்கமாம். எனக்கு எங்கே தெரியும் இதெல்லாம்?

கையைத் துடைத்துக்கொண்டு பிரித்துப் பார்த்தேன். போட்டோவில் கன்னம் கொஞ்சம் உப்பலாக இருக்கிறேன். இருக்கிறேன் அக்கா, நான்தான்.

அந்தப் பெண் போன் போட்டுக் கொடுத்தாள். மதினி. "என்ன பண்ணி வச்சிருக்க ஈஷ்? நாளைக்கு அடுத்த ஊருக்குச் சின்ன பிளேன் இருக்காம், அதுல வந்துரு. பிள்ளைங்க கத்துது. பாஸ்போர்ட்டைத் தொலைச்சுராத, நேரா கொண்டுவந்து என் கையில குடு."

"சரி மதினி"ன்னேன்.

அப்புறம் அண்ணன் வாங்கினார். நடந்துகொண்டே பேசுகிற மாதிரி இருந்தது, குரல் தணிந்தது. "டிக்கெட் நான்தான் போடணும்மா. அடுத்த ஊருக்கா?" என்று கேட்டார். பின்னால் ரேயான் அழுகிறான். அந்த அழுகை எனக்குத் தெரியும், அது தூக்கத்துக்கு அழுகிறது.

"அண்ணே, அவனுக்கு வலது காதை நீவி விடுங்க, தூங்கிருவான். ரியாவுக்குப் பாலைக் கன்னத்துல வச்சுப் பாத்துட்டுக் குடுங்க. டயபர் பை என்கிட்ட வந்துருச்சு."

"அது கிடக்கட்டும்மா. டிக்கெட்?"

சரின்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாய் தானாக, "அண்ணே, மதுரைக்குப் போட முடியுமா?"ன்னு கேட்டுவிட்டது.

பால்கனிக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. "உன் பழைய டிக்கெட்டையே முன்னுக்கு இழுத்துப் பாக்குறேன். உன் மதினிகிட்ட நான் சொல்லிக்கிறேன். நானும் இந்த வீட்டுல என்னிக்காவது ஒண்ணு சொல்லணும்ல"ன்னார்.

ராத்திரி லீனா வீட்டில்தான் படுத்தேன். இந்தப் பையில் கிடந்த இட்லிப் பொடியைத் தடவி மீனைப் பொரித்தேன். மஞ்சள் சட்டைப் பெண்ணுக்கும் கொடுத்தோம், பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தோம், முறை முறைதானே. லீனா போனில் ஊருக்குக் கூப்பிட்டேன். மகிழன் எடுத்தான். வணக்கம்னான்.

"டேய், அம்மாடா. வீட்டுக்கு வரேன்டா."

"நிஜமாவா? போன்லயா?"ன்னு கேட்டான்.

நான் சிரித்துவிட்டேன். லீனாதான் எதுக்கோ அழுதாள்.

மதினி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவங்க என்னைக் கட்டியா போட்டாங்க? மீன் மட்டும் மாட்டாமல் இருந்திருந்தால் நான் நேரத்துக்குக் கப்பல் ஏறியிருப்பேன், இந்நேரம் பாட்டில் கழுவிக்கொண்டிருப்பேன்.

வாசலைத் திறந்துவிட்டார்கள், எழுந்திருங்க. இருங்க அக்கா, ஒரு நிமிஷம். அந்தக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருக்கிற ஆள் எல்லார் பாஸ்போர்ட்டையும் கையில் வாங்குகிறாரே. டிக்கெட் கவுண்டரில் நானே விரித்துப் பிடித்துக் காட்டினேன், கொடுக்கவில்லை. இவர் வாங்குகிறார். பார்த்துவிட்டு உடனே கொடுத்துவிடுவார் இல்லையா?

நீங்க முன்னாடி போங்க அக்கா. உங்களுக்குத் திருப்பிக் கொடுக்கிறாரான்னு பார்த்துவிட்டு நான் வருகிறேன்.